நிவாரணப் பட்டியலில் பெயர் இல்லையா? காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்: வடசென்னைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். படகு கிடையாது, வலை கிடையாது. கழிமுகத் தண்ணீரில் மார்பளவு இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர். பிடித்ததைப் போட ஒரு பனையோலைப் பறி. அதன் கயிற்றைப் பல்லில் கடித்திருப்பார், ஏனென்றால் இரண்டு கையும் தண்ணீருக்குள் இருக்கும். ஒருமுறை வெள்ளம் வடிந்த பிறகு நிவாரணப் பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். அதில் அவர் பெயர் இல்லை. அலுவலகத்துக்குப் போனால், "உங்களுக்கு வராதும்மா" என்றார்கள். ஏன் வராது என்றதற்கு, "லிஸ்ட் மேலேர்ந்து வந்தது" என்றார்கள். ஐந்து முறை போனார், ஐந்து முறையும் இதே பதில்தான். ஐந்து நாள் பிழைப்பு போனது மிச்சம். கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

அது எந்த வருடம், எந்த அலுவலகம் என்பதை விட்டுவிடுவோம். அந்த அக்காவுக்காக மனு எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கே சில விஷயங்கள் புரிந்தன. அதில் பெரியது இது: வாயால் சொன்ன மறுப்பை வைத்துக்கொண்டு எங்கேயும் போக முடியாது. அதே மறுப்பு ஒரு வரி எழுத்தில் வந்துவிட்டால், அதைக் கொண்டு உயர் நீதிமன்றம் வரை போகலாம். அதனால்தான் எழுத்தில் தரத் தயங்குகிறார்கள். கீழே வரும் படிகள் எல்லாமே அந்த ஒரு வரியை வாங்குவதற்கும், வாங்கிய பிறகு என்ன செய்வது என்பதற்கும்தான்.

முதல் படி: உங்களுக்கு வர வேண்டியது நிவாரணமா, இழப்பீடா?

இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறோம், ஆனால் சட்டத்தில் இவை வேறு வேறு. நிவாரணம் என்பது அரசு தன் கையிலிருந்து கொடுப்பது. இழப்பீடு என்பது பாதிப்பை உண்டாக்கியவர் தர வேண்டியது. 2023 டிசம்பரில் வடசென்னைக்கு இரண்டுமே சேர்ந்து வந்தன. மிக்ஜாம் புயலுக்காக ரேஷன் கடையில் டோக்கன் கொடுத்து 6,000 ரூபாய் தந்தது நிவாரணம். அதே வெள்ளத்தில் பக்கிங்ஹாம் கால்வாய், கொசஸ்தலை ஆறு வழியாக எண்ணூர் கழிமுகத்துக்கு எண்ணெய் வந்து சேர்ந்ததே, அதனால் போன தொழிலுக்கும் கெட்டுப்போன வலைக்கும் கேட்பது இழப்பீடு.

எண்ணெய்க் கசிவுக்காக மாநில அரசு அப்போது 8.68 கோடி ரூபாய் அறிவித்தது. 2,301 மீனவர் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000 ரூபாய், பாதிக்கப்பட்ட பகுதிகளில் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். இதை வைத்து ஒன்றைப் பாருங்கள். ஒரே அறிவிப்புக்குள் மூன்று பெட்டிகள் இருக்கின்றன. மீனவர் குடும்பம் என்பதற்கு ஒரு ஆதாரம், படகுக்கு வேறு ஆதாரம், குடியிருப்புக்கு இன்னொன்று. "எனக்கு வரவில்லை" என்று மொத்தமாகச் சொன்னால் அதிகாரிக்கு வசதி. எந்தப் பெட்டியில் நீங்கள் வர வேண்டும், எந்த இடத்தில் தவறினீர்கள் என்று நீங்களே சொல்ல வேண்டும்.

நிவாரணம் வாங்கியதாலேயே இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடாது. ஆனால் கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டும் தாளைப் படித்துவிடுங்கள். "முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன்" என்பது போல ஏதாவது இருந்தால் கையெழுத்துக்கு முன் யாரிடமாவது கேளுங்கள். கூட்டமாக இருக்கிறது, பின்னால் ஆள் தள்ளுகிறார் என்பதற்காகப் போட்டுவிடாதீர்கள்.

இரண்டாம் படி: சண்டை பட்டியலோடா, விதியோடா?

பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். நானும் சறுக்கினேன்.

விதி சரி, அதன்படி உங்களுக்கு வர வேண்டும், ஆனால் பெயர் விடுபட்டுவிட்டது என்றால் அது பட்டியல் பிரச்சினை. கணக்கெடுக்க வந்த அன்று வீடு பூட்டியிருந்தது, கதவு எண் மாறிவிட்டது, ஆதாரில் ஒரு பெயர் ரேஷன் கார்டில் வேறு பெயர். இதெல்லாம் தாலுகா அலுவலக அளவிலேயே தீரக்கூடியவை. வடசென்னையில் இதற்கென்றே ஒரு சிக்கல் உண்டு. 2018-இல் சென்னை மாவட்டம் விரிந்தபோதுதான் திருவொற்றியூர், மாதவரம் தாலுகாக்கள் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னைக்கு வந்தன. பழைய சான்றிதழில் "திருவள்ளூர் மாவட்டம்" என்றே இருக்கும். அதைக் காட்டினால் "இது எங்க ஏரியா இல்லையே" என்பவர்கள் இருக்கிறார்கள். மனுவிலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள்: இந்த முகவரி 2018 முதல் சென்னை மாவட்டத்தில் உள்ளது. காட்டுப்பள்ளி, பழவேற்காடு பக்கம் என்றால் இப்போதும் பொன்னேரி தாலுகா, திருவள்ளூர் மாவட்டம்தான். அவர்கள் ராஜாஜி சாலையில் உள்ள சென்னை கலெக்டர் அலுவலகத்துக்கு வந்து அலைய வேண்டாம்.

விதியே உங்களை வெளியே வைத்திருந்தால் அது வேறு சண்டை. படகுப் பதிவு இருந்தால்தான் மீனவர், சங்க உறுப்பினராக இருந்தால்தான் பாதிக்கப்பட்டவர் என்று அளவுகோல் வைத்தால், கையால் இறால் பிடிக்கும் பெண்ணும், கரையில் மீன் காயவைப்பவரும், வலை பின்னுபவரும் தானாக வெளியே போய்விடுவார்கள். இதைத் தாசில்தாரால் சரிசெய்ய முடியாது. அவர் விதியை எழுதவில்லை, அவரிடம் கத்திப் பயனில்லை. விதியை எழுதிய துறைச் செயலாளருக்கு, கலெக்டருக்கு, கடைசியில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

மூன்றாவது, பணமே கைமாறியிருப்பது. செத்தவர் பெயரில் பணம், ஒரே வீட்டுக்கு மூன்று பங்கு, பட்டியலில் சேர்க்கக் கமிஷன். இதை மற்ற இரண்டோடு ஒரே மனுவில் கலக்காதீர்கள். கலந்தால் உங்கள் உரிமை மனு புகார் மனுவாகி, விசாரணை என்ற பெயரில் தூங்கிவிடும்.

மூன்றாம் படி: காகிதம் சேர்ப்பது

ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், மின்கட்டண ரசீது. இவை எல்லோருக்கும் தெரிந்தவை. வாடகை வீட்டில் இருப்பவருக்குக் கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். அவர்கள் கேஸ் சிலிண்டர் ரசீது, பிள்ளையின் பள்ளிச் சான்று, தபால் வந்த உறை என்று எதையும் வைக்கலாம்.

தொழிலுக்கு ஆதாரம் காட்டுவதுதான் கஷ்டம். அந்த அக்காவிடம் அடையாள அட்டை எதுவும் இல்லை. ஆனால் அவரிடம் இறால் வாங்கும் வியாபாரி ஒரு நோட்டு வைத்திருந்தார். நீள நோட்டு, ஓரமெல்லாம் ஈரத்தில் உப்பிப்போய், தேதி, கிலோ, தொகை, பக்கத்தில் அக்காவின் பெயரும் தெருவும் பால்பாயின்டில். வெள்ளத்துக்கு முந்தைய இரண்டு மாதப் பக்கங்களைப் படமெடுத்தோம். அந்த வியாபாரி ஒரு வெள்ளைத்தாளில் "இவரிடம் இத்தனை வருடமாகச் சரக்கு எடுக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அரசாங்க முத்திரை இல்லைதான். ஆனாலும் ஒன்றும் இல்லாததற்கு இது எவ்வளவோ மேல்.

செல்போனில் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு போனிலிருந்து அழித்துவிடாதீர்கள். எடுத்த தேதி மூலப்படத்தில்தான் இருக்கும்.

இன்னொன்று. இல்லாததைச் சேர்க்காதீர்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் 52-ஆம் பிரிவின்படி பொய்யான நிவாரணக் கோரிக்கைக்கு இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. ஒரு ஃபிரிட்ஜைக் கூடுதலாக எழுதப் போய் மொத்த மனுவும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

நான்காம் படி: மனு

நான் எழுதிய முதல் மனு இரண்டு பக்கம். அக்காவின் கணவர் இறந்தது, பிள்ளைகள் படிப்பு, கஷ்டம், கண்ணீர் எல்லாம் இருந்தது. ஓய்வுபெற்ற ரெவின்யூ ஊழியர் ஒருவர் எங்கள் பக்கத்தில் இருக்கிறார். அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "எல்லாம் சரி தம்பி, இதுல நீ என்ன கேக்குற?" என்றார். திருப்பிப் பார்த்தேன். உண்மையிலேயே எதையும் கேட்கவில்லை. "ஆவன செய்யுமாறு" என்று முடித்திருந்தேன். ஆவன செய்யச் சொன்னால், "தங்கள் மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது" என்று பதில் வரும். அதோடு கதை முடிந்தது.

மனுவின் நடுப்பகுதி இப்படி இருந்தால் போதும்:

"மேற்படி வெள்ளத்தில் என் வீடும் தொழிலும் பாதிக்கப்பட்டன. பயனாளிகள் பட்டியலில் என் பெயர் இல்லை. எனவே, (1) என் பெயர் சேர்க்கப்படாததற்கான காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். (2) எந்த அரசாணையின் எந்தப் பத்தியின்படி நான் தகுதியற்றவர் என்று முடிவு செய்யப்பட்டது என்பதைக் குறிப்பிட வேண்டுகிறேன். (3) இணைத்துள்ள ஆதாரங்களைப் பரிசீலித்து என் பெயரைச் சேர்த்து உத்தரவிட வேண்டுகிறேன்."

மேலே "பார்வை" என்று போட்டு அரசாணை (நிலை) எண் 99, பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை, நாள் 21.09.2015 என்று எழுதுங்கள். மனு வந்தால் மூன்று நாளுக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது அந்த ஆணை. இந்த ஒரு வரியைப் பார்த்தால், எழுதியவருக்கு விஷயம் தெரியும் என்பது எதிரே இருப்பவருக்கும் தெரிந்துவிடும்.

எங்கே கொடுப்பது? முதலில் தாலுகா அலுவலகம். மீன்பிடித் தொழில் சார்ந்தது என்றால் மீன்வளத் துறைக்கும் ஒரு நகல். அப்புறம் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள். சென்னைக்கு அது ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகை. (மீனவக் குடும்பத்தில் பிறந்தவரின் பெயர் வைத்த கட்டடம். அங்கே போய் மீனவர்கள் வரிசையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு இது தோன்றும்.) கையில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் சண்டை வேண்டாம். தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025 செப்டம்பரோடு ஸ்பீடு போஸ்டில் சேர்ந்துவிட்டது. தபால் போய்ச் சேர்ந்ததற்கான சான்று வேண்டும் என்று கவுன்டரில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அரசின் குறைதீர்க்கும் எண்ணான 1100-க்கு போன் செய்தும் பதியலாம், மனு எண் கிடைக்கும். ஆனால் அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். பெரும்பாலும் அதே மனு சுற்றிக்கொண்டு அதே மேசைக்குத்தான் வரும்.

ஐந்தாம் படி: தகவல் உரிமைச் சட்டம்

ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை, அல்லது மொட்டையாக "நிராகரிக்கப்பட்டது" என்று வந்தது என்றால் இதுதான் கருவி. 2005-ஆம் ஆண்டுச் சட்டம். வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர் அதற்கான சான்று வைத்தால் கட்டணமே இல்லை. ஆன்லைனிலும் போடலாம்.

"ஏன் எனக்குத் தரவில்லை?" என்று கேட்காதீர்கள். "காரணம் கேட்பது தகவல் ஆகாது" என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். நாங்கள் கேட்டவை இவை:

அந்த நிவாரணத்துக்கான அரசாணையின் நகலும், கணக்கெடுப்பு எப்படி நடத்த வேண்டும் என்று கீழே அனுப்பிய சுற்றறிக்கையின் நகலும். எங்கள் தெருவில் கணக்கெடுத்த தேதி, எடுத்தவரின் பதவி, அவர் நிரப்பிய படிவம். எங்கள் வார்டில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, எத்தனை நிராகரிப்பு. என்னுடைய மனு எந்தத் தேதியில் எந்த மேசைக்குப் போனது, அதன் மீது எழுதிய குறிப்புகளின் நகல். கடைசியாக, கோப்பை நேரில் பார்வையிட அனுமதி.

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நகல் தர மறப்பார்கள், பக்கம் விடுபடும். நேரில் உட்கார்ந்து கோப்பைப் புரட்டும்போது ஓரத்தில் பென்சிலில் எழுதிய குறிப்புகூடக் கண்ணில் படும்.

அடுத்தவர் பெயர், வங்கிக் கணக்கு எல்லாம் கேட்டால் 8(1)(ஜே) பிரிவைக் காட்டி தனிநபர் தகவல் என்று மறுப்பார்கள். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவை இன்னும் இறுக்கிவிட்டது. அதனால் எண்ணிக்கை, அளவுகோல், உங்கள் சொந்தக் கோப்பு ஆகியவற்றில் நில்லுங்கள். பட்டியலே வேண்டும் என்றால் இரண்டு பிரிவுகளைக் குறிப்பிடுங்கள். மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தைத் தானாகவே வெளியிட வேண்டும் என்பது 4(1)(பி)-யின் 12-ஆவது உட்பிரிவு. பொதுநலன் பெரிதாக இருந்தால் விலக்கு பெற்ற தகவலையும் தரலாம் என்பது 8(2). கூடவே, ஒரு நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அதன் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்ற 4(1)(டி). எனக்கு மிகவும் பிடித்த பிரிவு இது. நான் ஆரம்பத்தில் சொன்ன அந்த ஒரு வரி வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, ஆனால் அதிகம் பேர் கேட்பதில்லை.

பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அல்லது அரைகுறையாக வந்தால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை. அதிலும் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தகவல் தராமல் இழுத்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ஆணையத்தில் இழுக்கும். அதற்காகக் காத்திருந்து மற்ற கெடுக்களை விட்டுவிடக் கூடாது.

அக்காவுக்குக் கடைசியில் பதில் வந்தது. ஒரே வரி: "மனுதாரர் படகு உரிமையாளர் அல்லர் என்பதால் பரிசீலிக்க இயலவில்லை." அவருக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கோ சந்தோஷம். பட்டியல் பிரச்சினை என்று நினைத்து நான்கு மாதம் தாலுகா அலுவலகத்தையே சுற்றிக்கொண்டிருந்தோம். அது விதிப் பிரச்சினை என்பது அன்றைக்குத்தான் எழுத்தில் தெரிந்தது.

ஆறாம் படி: மேலே போவது

விதியே தவறு என்றால் தனியாகப் போகாதீர்கள். அதே காரணத்தால் விடுபட்ட பத்துப் பேரைத் தேடுங்கள். ஆளுக்கொரு மனு, ஆனால் ஒரே வாசகம், ஒரே நாளில். ஒரே மனுவில் நூறு கையெழுத்து என்றால் அது ஒரு கோப்பு. ஒரு பதிலோடு முடித்துவிடுவார்கள். நூறு மனு என்றால் நூறு பதில் எழுத வேண்டும்.

வாதத்துக்குத் துணையாக ஒன்று. கொரோனாவில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு நிவாரணம் தர வேண்டும் என்று 2021 ஜூன் 30-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 50,000 ரூபாய் என்று தொகை முடிவான பிறகு, இறப்புச் சான்றிதழில் கொரோனா என்று எழுதவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது, விண்ணப்பித்த 30 நாளில் தர வேண்டும், தகராறு வந்தால் மாவட்டக் குழு பார்க்க வேண்டும் என்றும் அதே ஆண்டு அக்டோபரில் உத்தரவிட்டது. ஒரு காகிதத்தில் ஒரு சொல் இல்லை என்பதற்காக உண்மையான பாதிப்பை மறுக்கலாமா என்ற கேள்விதான் அங்கேயும். படகுப் பதிவு இல்லாத இறால்காரிக்கும் அது பொருந்தும் என்று கேட்கலாம். சாதி, மதம், பாலினம் பார்த்து ஒதுக்கியதாகத் தெரிந்தால் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61-ஆம் பிரிவு இருக்கிறது. நிவாரணத்தில் பாகுபாடு கூடாது என்று நேரடியாகவே சொல்கிறது.

கமிஷன், கையாடல் என்றால் தனிப் புகார். லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போகலாம், லோக் ஆயுக்தாவுக்கும் போகலாம். நிவாரணப் பணத்தைக் கையாடினால் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 53-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை. ஆனால் சந்தேகத்தை எழுதாதீர்கள். யார், எந்தத் தேதி, எவ்வளவு என்று தெரிந்ததை மட்டும் எழுதுங்கள்.

ஏழாம் படி: நீதிமன்றம்

ஆலைக் கழிவு, எண்ணெய், வாயுக் கசிவு என்று மாசினால் வந்த பாதிப்பு என்றால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். அதன் தென்மண்டல அமர்வு சேப்பாக்கம் கலச மஹாலில் இருக்கிறது, பஸ் ஏறினால் போய்விடலாம். பாதிக்கப்பட்டவரே இழப்பீடு கேட்டு மனுப் போடலாம். பாதிப்பு ஏற்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டு கெடு. தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள். 2023 டிசம்பர் எண்ணெய்க் கசிவுக்கு, அந்தக் கணக்கில் 2028 டிசம்பர். விபத்தில் ஆலையின் தவறு என்ன என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. தவறில்லாவிட்டாலும் பொறுப்பு உண்டு என்று அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. கட்டணம் கேட்கும் தொகையில் ஒரு சதவீதம், குறைந்தது 1,000 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு இல்லை.

அரசு நிவாரணத்தை நியாயமாகத் தரவில்லை என்பது வழக்கு என்றால், உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின்படி ரிட் மனு, அதாவது அரசுக்கு உத்தரவிடச் சொல்லிக் கேட்கும் மனு. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி எடுத்த நடவடிக்கை என்றால் கீழ்க் கோர்ட்டில் வழக்குப் போட முடியாது, உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோதான். மனு கொடுத்தும் பதிலில்லை என்றால், "இத்தனை வாரத்துக்குள் முடிவெடுங்கள்" என்று உத்தரவு வாங்கலாம். அப்போதும் நீங்கள் முதலில் மனு கொடுத்ததற்கான முத்திரையைத்தான் கேட்பார்கள்.

வக்கீலுக்குப் பணம்? பலருக்குத் தெரியாத ஒன்று இது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12-ஆம் பிரிவில், வெள்ளத்தாலோ தொழிற்சாலை விபத்தாலோ பாதிக்கப்பட்டவருக்கு இலவச வக்கீல் கேட்கும் உரிமை உண்டு. பெண் என்றால் அதுவே போதும், வருமானச் சான்றிதழ் தேவையில்லை. 15100-க்கு போன் செய்யலாம், அல்லது உயர் நீதிமன்ற வளாகத்துக்கே போய்க் கேட்கலாம். வரும் வக்கீல் எல்லோரும் ஒரே மாதிரி இருக்க மாட்டார்கள். உங்கள் கோப்பு தேதி வரிசையில் இருந்தால் சுமாரானவரும் ஒழுங்காக நடத்துவார்.

"ஐந்நூறு கொடுங்க, லிஸ்ட்ல சேத்துடறேன்" என்று ஒரு தம்பி தெருவில் வருவார். எல்லாத் தெருவிலும் வருவார். அவரிடம் ஆதார் நகல்கூடக் கொடுக்காதீர்கள்.

அடுத்த மழைக்கு முன்

அக்காவும் இன்னும் பதினோரு பெண்களும் துறைச் செயலாளருக்குத் தனித்தனியாக மனுப் போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு ஒப்புகை வந்துவிட்டது, பதில் வரவில்லை. வராவிட்டால் ரிட் என்று முடிவாகியிருக்கிறது. இலவச வக்கீல் ஒருவர் கோப்பைப் பார்த்துவிட்டார்.

இதற்கிடையில் அக்காவின் மகன் ஒரு வேலை செய்தான். வாசல் நிலைப்படிக்குப் பக்கத்துச் சுவரில், தரையிலிருந்து அரை அடிக்கு ஒரு கோடாக நீலப் பெயின்டில் நான்கு அடி வரை அளந்து கோடு போட்டு, பக்கத்தில் கதவு எண்ணையும் எழுதிவிட்டான். இனி தண்ணீர் வந்தால் ஒரே ஒரு படம் எடுத்தால் போதும். எந்த வீடு, எத்தனை அடி தண்ணீர் என்பது அதிலேயே வந்துவிடும். இப்போது எங்கள் தெருவில் ஒன்பது வீட்டில் அந்த நீலக் கோடுகள் இருக்கின்றன.